திரும்பிப் பார்க்கும் கேமரா

"மேடம், அது நம்மளையே முறைக்குது," என்றான் ரேடியோ.

"முறைக்கட்டும். நீ தலையை வாரிக்கிட்டு வந்திருக்கலாம்."

இரண்டாம் மாடியில் படிகள் முடிகிற இடம். கூரையும் சுவரும் சேரும் மூலையில் வெள்ளை உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுப் பழ அளவு. நடுவில் கறுப்பாக ஒரு கண். அதற்கு நேர் எதிரே ஒரே ஒரு கதவு. கதவு திறந்தால் கூடம் தெரியும், கூடத்தைத் தாண்டிச் சமையலறையில் பாதி தெரியும். அவ்வளவும் அந்தக் கண்ணுக்கு இலவசக் காட்சி.

ரேடியோ என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் மேடம்தான். வாயை மூடி அவனை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதாவது மூடுவானா என்று சாட்சி சொல்ல அவன் அறையில் வேறு ஆள் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கொடியில் இரண்டு சட்டை. பகலெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுப் போனால்தான் அந்த அறைக்குள் கால் வைக்க முடியும் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

மேடம் அதற்கு நேர் எதிர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். இப்போது தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அலுவலகம். வாசல் பலகையில் 'விசாரணை' என்று மட்டும் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு ஒருவராவது பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஏறி வந்துவிடுவார். ரேடியோ ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லி அனுப்பி வைப்பான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. விரல் இடுக்குகளில் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சீக்கிரம் உள்ள வந்துடுங்க," என்றாள். இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்றார் மேடம்.

"இது வந்து எட்டு மாசமா இப்படித்தான். மொட்டை மாடியில ஒண்ணு இருக்கு. அதனால உள்ளாடை எல்லாம் குளியலறையிலதான் காயுது. குப்பை கொட்டப் போகக்கூட நல்ல துணி மாத்திட்டுப் போறேன். தனியா இருக்கிறதுல ஒரே ஒரு சௌகரியம், எப்படி வேணா இருக்கலாம்கிறதுதான். அதுவும் போச்சு."

கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேசை. மூலையில் சிறுபிள்ளைகளுக்கான சின்ன நாற்காலி ஒன்று, அதன்மேல் தூசியே இல்லை. தினம் துடைக்கிறாள் என்று ரேடியோவுக்கே புரிந்தது.

அந்த நாற்காலிக்கு உரியவளைப் பற்றித்தான் வழக்கு. பத்து வயது மகள் அப்பாவிடம் இருந்தாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு மட்டும் அம்மாவிடம். இனி யாரிடம் இருப்பது என்று மறுநாள் காலை குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை. அதற்கு அப்பாவின் வக்கீல் நான்கு புகைப்படங்களைத் தாக்கல் செய்திருந்தார். நான்கிலும் இதே கதவு. நான்கிலும் ஒரே ஆள். உள்ளே போகிற ஆள், வெளியே வருகிற ஆள்.

"இது அந்தக் கேமராவுல பதிஞ்சதுதான்," என்றாள் அவள் நகல்களை மேசைமேல் பரப்பி. "அவர் கையில இது எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியணும். நாளைக்குள்ள."

ரேடியோ குனிந்து பார்த்தான். "இவர் யாரு?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அவர் எனக்கு யாருன்னு எனக்கே இன்னும் தெரியாது தம்பி. தெரிஞ்சுக்கலாம்னுதான் டீ குடிக்கக் கூப்பிட்டேன். அதைத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் ஒரு மனுஷி கதவைச் சாத்தி வச்சுக்கக் கூடாதா?"

ரேடியோ படங்களை விட்டு நிமிர்ந்தான்.

"நல்ல கேள்வி," என்றார் மேடம். "நாங்க அவரைப் பத்திக் கேட்க வரல. கேமராவைப் பத்திக் கேட்கத்தான் வந்திருக்கோம்." பிறகு ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது நேரா எடுத்த நகல் இல்ல. ஏதோ ஒரு திரையில ஓடிட்டிருந்ததை இன்னொரு போன்ல படம் பிடிச்சிருக்காங்க. ஓரத்துல பார்."

ஓரத்தில் பட்டையாக மஞ்சள் தெரிந்தது. தடிமனாக, மூலை வளைந்து.

"சுவர் மேடம். மஞ்சள் பெயின்ட்."

"மூலை வளைஞ்ச சுவரா? நீ எந்த ஊர்ல வீடு பார்த்திருக்க?"

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. தட்டியதும் இல்லாமல் குரலும் வந்தது. "யாரும்மா உள்ள? ரெண்டு பேர் ஏறி வந்தாங்களே!"

"பாருங்க," என்றாள் அவள் சோர்வாக. "வீட்டுக்காரர்."

வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து வயது. ஏதோ கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் கிடங்கையே மேற்பார்வை பார்ப்பது போல நின்றார். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட போன்.

"பாதுகாப்புக்குத்தானே வச்சேன்? கேட்ல ஒண்ணு, படியில ஒண்ணு, இங்க ஒண்ணு, மேல ஒண்ணு. சைக்கிள் திருட்டுப் போச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

"சைக்கிள் எங்க நின்னுச்சு?" என்றார் மேடம்.

"கீழ. கேட் பக்கத்துல."

"இரண்டாம் மாடிக்குச் சைக்கிள் ஏறி வராதே சார்."

"என் வீடு. என் சுவர். நான் ஆணி அடிப்பேன், கேமராவும் மாட்டுவேன்."

"சுவர் உங்களோடதுதான். இந்தக் கதவுக்கு முன்னால நடக்கிற வாழ்க்கையை வாடகைக்கு விட்டுட்டீங்களே. கேட்டைப் பாருங்க, யாரும் கேட்க மாட்டாங்க. ஒரு பொம்பளை எத்தனை மணிக்குக் கதவைத் திறக்கிறா, உள்ள எப்படி நிக்கிறா, இதையெல்லாம் அவளைக் கேட்காமப் பார்க்கிற உரிமை வீட்டுச் சாவியோட சேர்ந்து வராது. யார் பார்க்கிறாங்க, எதுக்குப் பார்க்கிறாங்கன்னு குடியிருக்கிறவங்களுக்குச் சொல்லணும். சொன்னீங்களா?"

"நான்தான் பார்க்கிறேன். வேற யாரு?"

"இந்தப் படங்களை அந்தக் குழந்தையோட அப்பாவுக்குக் கொடுத்தது நீங்களா?"

கிழவரின் முகம் சட்டென்று வாடியது. "அய்யய்யோ. அந்த ஆள் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல. சத்தியமா யாருக்கும் கொடுக்கலம்மா. எனக்கு அதைத் திறக்கவே தடுமாற்றம். எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

மேடம் எழுந்து கதவைத் திறந்தார். "ரேடியோ, படியில ஏறி இறங்கு."

ரேடியோ ஏறினான், இறங்கினான். கடைசியாக ஒரு சின்ன நடனமும் ஆடிக் காட்டினான். உருண்டை அசையவில்லை. மேடம் நடந்து பார்த்தார். அசையவில்லை. அந்தப் பெண் சாவியோடு வாசலில் வந்து நின்று பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

"கேமராவுக்கு இன்னைக்கு லீவு போலிருக்கு," என்றான் ரேடியோ.

"எனக்கு மட்டும் திரும்பும்," என்றாள் அவள் பிடிவாதமாக. "சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து சாவியைத் தேடிட்டு நிப்பேன். சர்ருன்னு ஒரு சின்னச் சத்தம் வரும். பார்த்தா என் பக்கம் திரும்பியிருக்கும். கதவுக்குள்ள போற வரைக்கும் கூடவே வரும். பயமா இருக்கும் மேடம். யாரோ பின்னாலயே வர்ற மாதிரி."

"தினமுமா?"

"அனேகமா தினமும்."

"காலையில?"

"காலையில இல்ல."

"போன வாரம் முழுக்கத் திரும்புச்சா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும். சனி, ஞாயிறு பாப்பா வந்திருந்தா. அப்ப அதை எல்லாம் கவனிக்க எனக்கு எங்க நேரம்?" அவள் குரல் சற்று இறங்கியது. "ரெண்டு நாளும் ஓடிப்போயிடும். திங்கட்கிழமை போன் பண்ணினா ரெண்டு வார்த்தைதான் பேசுவா. 'நல்லா இருக்கேன், வச்சிடறேன்.' அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமா என்னை மறக்கிறா மேடம். குழந்தைங்க அப்படித்தான். பழகிக்கும்."

கீழே தெருவில் பள்ளிக்கூட வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று ஹாரன் அடித்தன. பிள்ளைகளின் கூச்சல் படிக்கட்டு வழியே மேலே ஏறி வந்து, வேன்கள் போனதும் அடங்கியது. மேடம் அவசரப்படவில்லை. அந்தப் பெண் கொடுத்த டீயை நிதானமாகக் குடித்தார். வேலையைப் பற்றிக் கேட்டார்.

"ஊர்ல பாதிப் பெரியவங்க சிரிக்கிறது என் கைவேலை," என்றாள் அவள், முதல்முறையாகச் சிரித்து. "நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. அவங்க சிரிக்கிறப்ப நான் பக்கத்துல இருந்ததும் இல்ல."

டீ முடிந்து வழியனுப்ப அவள் வாசலுக்கு வந்தாள்.

சர்ர்ர்.

உருண்டை திரும்பியது. மேடத்தைத் தாண்டி, அவனைத் தாண்டி, அந்தப் பெண்ணின் முகத்தில் வந்து நின்றது. அவள் ஒரு எட்டு நகர்ந்தாள். கண்ணும் நகர்ந்தது.

ரேடியோ பாய்ந்து, இன்னும் படியிலேயே நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தான். போன் உறைக்குள் பத்திரமாக, கறுத்த திரையோடு தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வாயைப் பிளந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு நாய் திடீரென்று பேசியது போல.

"இது நான் இல்ல," என்றார்.

"தெரியுது," என்றார் மேடம். "இதை மாட்டினது யாரு?"

* * *

கேமரா மெக்கானிக்கின் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. கடை என்றால் ஒரு ஷட்டரும் அதற்குள் ஒயர் மலையும். மலைக்கு நடுவில் மெக்கானிக்.

"மேடம், இவன்தான்," என்று ரேடியோ வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். "மாட்டின கையாலயே விக்கிறான். அப்பாக்காரர் தேடி வந்திருக்கார், இவன் திறந்து விட்டிருக்கான். கேஸ் முடிஞ்சது. நான் போய் டீ சொல்லவா?"

"இப்பதானே குடிச்ச?"

"அது துக்கம் விசாரிக்கிற டீ. இது ஜெயிச்ச டீ."

மெக்கானிக் குற்றச்சாட்டைக் கேட்டுக் கோபப்படக்கூட இல்லை. அலுத்துப்போய்ச் சிரித்தார். "சார், நான் மாட்டின வாசல் எல்லாத்தையும் உட்கார்ந்து பார்த்தா என் பொண்டாட்டி முகம் எனக்கு மறந்துபோயிடும். இப்பவே அவளுக்கு அந்தக் குறைதான்." தன் போனை எடுத்துத் தட்டினார். "அந்த வீட்டுக்காரர் ரெண்டு நாளைக்கு ஒருதரம் பாஸ்வேர்டை மறந்துட்டு வந்து நிப்பார். அதனால அவர் கணக்கு என்கிட்டயும் இருக்கு. இருக்கக் கூடாதுதான். இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க," என்றார் மேடம். "யார் யார் பார்க்கலாம், திருப்பலாம்னு அதுல தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்காரர் போன் ஒண்ணு. அப்புறம்..." அவர் புருவம் உயர்ந்தது. "அட, இன்னொண்ணு இருக்கே. இது நான் சேர்த்தது இல்ல. டேப்லட்னு காட்டுது. பேரு 'முயல்குட்டி'."

ரேடியோ வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "முயல்குட்டியா! குற்றவாளிங்க எல்லாம் இப்ப ரொம்பச் சாதுவாயிட்டாங்க மேடம். அடுத்தது ஆட்டுக்குட்டிக் கொள்ளைக்காரன் வருவான்."

மேடம் சிரிக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் ரேடியோ இதுவரை பார்த்திராத ஏதோ ஒன்று வந்து போனது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அல்ல. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்பது போல ஒன்று.

"துண்டிச்சிடவா?" என்றார் மெக்கானிக், விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு.

"வேண்டாம்," என்றார் மேடம் சட்டென்று. "உங்களோடதை எடுத்துடுங்க. இதை இப்பத் தொடாதீங்க. நாளைக் காலையில வந்து கேமராவையே கழட்டுங்க, நான் சொல்லியனுப்பறேன். அது வரைக்கும் அந்தப் பக்கம் இருக்கிற ஆளோட முகத்துல கதவைச் சாத்த வேண்டாம்."

திரும்பி நடக்கும்போது ரேடியோ பேசிக்கொண்டே வந்தான். முயல்குட்டி என்றால் சங்கேதப் பெயர். அப்பாக்காரருக்கு வேலை செய்யும் ஏதோ ஏஜென்சி. நம்மை மாதிரி ஆனால் காசு பார்க்கிற ஏஜென்சி. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அந்தக் கட்டடத்தின் கேட் அருகே வந்தபோது அவர் நின்றார்.

"ரேடியோ."

"மேடம்?"

"மேல போனதும் கொஞ்ச நேரம் ஜோக் வேண்டாம்."

* * *

வீட்டுக்காரரும் கூடவே ஏறி வந்தார். தன் கேமராவை வேறு யாரோ ஆட்டுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. வாடகைக்காரர்களுக்கு எட்டு மாதமாக இருந்த நடுக்கம் அவருக்கு ஒரே மாலையில் வந்திருந்தது.

மேடம் அந்தப் பெண்ணை ஒற்றை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எதிரே நின்றபடி மெதுவாகக் கேட்டார்.

"முயல்குட்டின்னு யாரையாவது கூப்பிடுவீங்களா?"

அவள் திகைத்தாள். "என் பொண்ணைத்தான். முன்பல்லு ரெண்டும் பெருசா முளைச்சப்ப வச்ச பேரு. ஏன்? அது எப்படி உங்களுக்கு..."

கேள்வி பாதியில் நின்றது. அவளுக்குப் புரிவதை ரேடியோ பார்த்தான். அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது.

"பள்ளிக்கூடம் விட்டதுக்கு அப்புறம்தான் கேமரா திரும்புது," என்றார் மேடம். "இன்னைக்கும் அப்படித்தான். முதல்ல அது அசையல. வேன் எல்லாம் போய், பிள்ளைங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்புச்சு. காலையில அவளுக்கு அவசரம், திரும்பாது. அந்தப் படத்து ஓரத்துல இருக்கிற மஞ்சள் சுவர் இல்ல, சின்னப் பிள்ளைங்க கீழ போட்டாலும் உடையாத ரப்பர் உறை. அப்புறம் அந்தச் சனி, ஞாயிறு. நீங்க கவனிக்கலைன்னு சொன்னீங்க. எட்டு மாசமா அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வச்சிருக்கிற நீங்க கவனிக்காம இருப்பீங்களா? அன்னைக்கு அது திரும்பவே இல்ல. திருப்புற ஆள் உங்க மடியில உட்கார்ந்திருந்தா."

வீட்டுக்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் குட்டிப் பொண்ணா?" என்றார் தணிந்த குரலில். "மாட்டின புதுசுல எனக்குத் திறக்கவே வரல. படியில உட்கார்ந்து திணறிட்டு இருந்தேன். 'கொடுங்க தாத்தா'ன்னு வாங்கி ஒரு நிமிஷத்துல சரி பண்ணிக் கொடுத்துச்சு. 'நானும் என்னோடதுல வச்சுக்கவா தாத்தா'ன்னு கேட்டுச்சு. விளையாட்டுன்னு நெனச்சேன். யாருக்கும் கொடுக்கலைன்னு சத்தியம் பண்ணேனே... குழந்தையைப் போய் யாராவது ஆள் கணக்குல சேர்ப்பாங்களா?"

அவர் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"மறந்துட்டான்னு நெனச்சேன்," என்றாள். "போன்ல பேச மாட்டேங்கிறாளே, மறந்துட்டான்னு..." மெழுகு ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தினமும் என்னைப் பார்த்துட்டு இருந்திருக்கா. நான் அதைப் பார்த்துப் பயந்து ஓடி உள்ள வந்து கதவைச் சாத்தியிருக்கேன். தினமும் அவ முகத்துல கதவைச் சாத்தியிருக்கேன்."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு எரிய ஆரம்பித்தது. தான் வீட்டுக்குப் போகிற நேரத்தை எதிர்பார்த்து எங்காவது ஒரு ஜீவன் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தான். அது தப்பா, வரமா என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

"இதை அழுது முடிச்சிட்டு யோசிக்க நேரம் இல்லம்மா," என்றார் மேடம். குரல் கறாராக இருந்தது, கை மட்டும் அவள் தோளில் இருந்தது. "நாளைக்கு ரெண்டு வழி இருக்கு. பத்து வயசுக் குழந்தையோட டேப்லட்டை வச்சு அப்பா வேவு பார்த்தார்னு உங்க வக்கீல் சொல்லலாம். படம் நிக்காது, அவர் பேரும் கெடும். நீங்க ஜெயிக்க வாய்ப்பு அதிகம். ஆனா நீதிபதி குழந்தையைத் தனியாக் கூப்பிட்டு, நீ எதுக்குப் பார்த்தேன்னு கேட்பார்."

"வேண்டாம்."

"யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். அவ பார்த்ததாலதான் அம்மாவுக்குக் கெடுதல் வந்துச்சுன்னு அவ காதுல யாரும் சொல்லக் கூடாது. நான் தோத்தாலும் பரவாயில்ல."

மேடம் தலையசைத்தார். அந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவர் போல, "அப்ப அவரோட நம்பரைக் கொடுங்க," என்றார்.

அழைப்பை மேடம்தான் போட்டார். எல்லாரும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார். "அந்தப் படங்கள் எப்படிக் கிடைச்சதுன்னு நாளைக்கு நீதிபதி கேட்பார் சார். யார் பேரைச் சொல்வீங்க?"

மறுமுனையில் தொலைவில் ஏதோ தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டு அதுவும் நின்றது.

"உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றார் அவர்.

"தெரிஞ்சுடுச்சு."

"சாயங்காலம் ஆனா டேப்லட்டை எடுத்துட்டு மூலைக்குப் போயிடுவா. ஏதோ கார்ட்டூன்னு நெனச்சேன். ஒருநாள் பின்னால நின்னு எட்டிப் பார்த்தேன். அவ அம்மா வாசல்ல நின்னு சாவியைத் தேடிட்டு இருக்கா. இவ பார்த்துட்டுச் சிரிக்கிறா. 'பையில இல்லம்மா, கையில இருக்கு'ன்னு சொல்லிச் சிரிக்கிறா." அவர் நிறுத்தினார். "என் வீட்டுல அவ சிரிச்சு நான் கேட்டதே இல்ல மேடம். நானும்தான் சமைச்சுப் போடறேன், தலை பின்னி விடறேன். அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? அடுத்த தடவை அதுல ஒரு ஆள் அவ அம்மா வீட்டுக்குள்ள போறதைப் பார்த்தப்ப ஆத்திரத்துல படம் எடுத்துட்டேன். அவ தூங்கினப்புறம் பழைய பதிவையும் தேடி எடுத்தேன்."

நாற்காலியில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவ பேரை நான் கோர்ட்ல சொல்ல மாட்டேன்," என்றார் அவர். "காலையில முதல் வேலையா வக்கீல்கிட்டச் சொல்லிப் படங்களைத் திரும்ப வாங்கிடறேன். ஆனா வழக்கை விட மாட்டேன். அவ எனக்கும் பொண்ணுதான்."

"வழக்கை விடுங்கன்னு யாரும் கேட்கல. நேரா நடத்துங்க."

மேடம் போனை எடுக்கக் கை நீட்டியபோது அந்தப் பெண் தடுத்தாள். "நான் பேசணும். அவகிட்ட." பிறகு போனைப் பார்த்து, "பாப்பாகிட்டக் கொடுங்க," என்றாள். அது கட்டளையா கெஞ்சலா என்று சொல்ல முடியாத குரல்.

மறுமுனையில் காலடிச் சத்தம். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தாள். எட்டு மாதமாக ஓடி வந்து சாத்திய கதவை அகலத் திறந்துகொண்டு வெளியே போய், அந்த உருண்டைக்கு நேர் கீழே நின்றாள்.

சர்ர்ர் என்று சத்தம் வந்தது. கண் அவளைத் தேடிக் குனிந்தது.

"முயல்குட்டி, அம்மா பேசறேன்," என்றாள் அவள் மேலே பார்த்து. "தெரியும்டா கண்ணு. எனக்குத் தெரியும். இல்ல, திட்டல. எதுக்குத் திட்டறேன்? அழாத. இங்க பார், நான் அழறேனா?"

அழுதுகொண்டுதான் இருந்தாள். அது கேமராவுக்கும் தெரிந்திருக்கும்.

"போன்ல பேசினா அழுகை வந்துடும்னா பேசாம இருந்த? அப்பா வருத்தப்படுவார்னா? சரி. இனிமே அழுதுட்டே பேசு, பரவாயில்ல. அம்மா எப்ப வந்தேன், சாவி கிடைச்சுதா, என்ன சாப்பிட்டேன், எல்லாத்தையும் என்னைக் கேளு. எத்தனை தடவை வேணாலும் கேளு. ஆனா பார்க்காத கண்ணு. நாம பார்க்கிறது தெரியாம ஒருத்தரைப் பார்த்துட்டே இருந்தா அவங்களுக்குப் பயமா இருக்கும். எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுடா. அது நீன்னு தெரியல எனக்கு."

அதற்குப் பிறகு அவள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் என்ன சொல்லப்பட்டதோ, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் படியில் இரண்டு எட்டு இறங்கி நின்று, "காலையில கழட்டிடறேன்மா," என்றார் யாருக்கோ சொல்வது போல. "மாடியில இருக்கிறதையும். கேட்ல மட்டும் இருக்கட்டும். அதுக்கும் ஒரு போர்டு எழுதி மாட்டறேன்." செருப்பைத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

அப்போதுதான் மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது.

ரேடியோ நிமிர்ந்து பார்த்தான். உருண்டை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை விட்டு, கதவை விட்டு, படிக்கட்டுக் கைப்பிடியை விட்டு, எதுவுமே இல்லாத வெள்ளைச் சுவருக்குப் போய் நின்றது. பாதி வழியில் ஒருமுறை தயங்கியது. பிறகு முழுவதும் திரும்பிவிட்டது.

அந்தப் பெண்ணும் அதைப் பார்த்தாள். "நல்ல பொண்ணு," என்றாள் போனில், குரல் உடைந்து. "இப்ப சொல்லு. இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு."

பேசிக்கொண்டே உள்ளே போய், மூலையில் இருந்த அந்தச் சின்ன நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்தாள். மேடத்தின் போன் அது என்பதே அவளுக்கு நினைவில்லை. மேடமும் நினைவுபடுத்தவில்லை. ரேடியோவைப் பார்த்து, போகலாம் என்று கண்ணைக் காட்டினார்.

ரேடியோவுக்கு இன்னும் கொஞ்சம் நிற்கத் தோன்றியது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வதையும் ஒரு தாய் 'அப்புறம்?' என்று கேட்பதையும் அவன் காது கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் அவன் நிற்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினான். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பார்த்தான்.

உள்ளே பேச்சு தொடர்ந்தது. என்ன பேச்சு என்று காதில் விழுகிற தூரத்தைத் தாண்டும் வரை இருவரும் வேகமாகப் படி இறங்கினார்கள்.